மூழ்கிய சாலையின் ஓரம்

எனக்கும் சம்பந்திக்கும் சேர்த்து ஒரே படகு. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்த மறு வருஷம் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். சனிக்கிழமை காலையில் அணைக்குப் போனால் மதியம் திரும்பும்வரை எங்களுக்குள் இருபது வார்த்தை நடந்தால் அதிகம். அவர் பல் மருத்துவர். வாரம் முழுக்கத் திறந்த வாய்களோடு பேசிப் பேசி அலுத்தவர். நான் நீதிமன்றத்தின் ஆவண அறையில் வேலை பார்க்கிறேன். அங்கே பழைய கட்டுகள்தான் எனக்குத் துணை, வீட்டில் புத்தகங்கள். ஆக இருவருக்கும் அந்தப் படகு பொருந்திப் போயிற்று.

சம்பந்தி என்பது விநோதமான உறவு. நண்பனைத் திட்டலாம், தம்பியைத் திட்டலாம். சம்பந்தியைத் திட்டினால் அது மகளின் சமையலறை வரை போய்ச் சேரும். எட்டு வருஷமாகியும் நாங்கள் ஒருவருக்கொருவர் "நீங்க"தான். நெஞ்சில் முள் குத்தினாலும் "பரவாயில்ல சம்பந்தி" என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

நாங்கள் தேடுவது பாஸ் மீனை. அது கூட்டமாகச் சுற்றித் திரிகிற மீன் இல்லை. ஒதுங்கி நிற்கும். மூழ்கிய மரத்தின் நிழல், சரிவு முடியும் விளிம்பு, சேறு முடிந்து கல் தொடங்கும் கோடு என ஏதாவது ஓர் ஓரம் அதற்கு வேண்டும். குட்டி மீன் தன்னைக் கடந்து போகும்வரை அசையாமல் காத்திருக்கும். அதன் பொறுமை எனக்குப் பிடிக்கும்.

எங்கள் அணைத் தண்ணீருக்கு அடியில் ஒரு பழைய தார்ச்சாலை கிடக்கிறது. அணை கட்டியபோது பள்ளத்தாக்கோடு சேர்ந்து மூழ்கியது. இருபது அடி ஆழம். முட்டையிடும் பருவத்தில் கரையோரம் வருகிற மீன்கள், வெயில் ஏறிவிட்டால் அந்தச் சாலையின் விளிம்புக்கு இறங்கிவிடும். அங்கே ரப்பர் புழுவைத்தான் போட வேண்டும். முன்னால் சின்ன ஈயக்குண்டு, பின்னால் தூண்டில் முள்ளை உள்ளே மறைத்த புழு. அடியில் விட்டு, அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். ஆட்காட்டி விரலை நூலின்மேல் வைத்திருந்தால் தண்ணீருக்கு அடியில் இருப்பதெல்லாம் தெரியும். சேறு என்றால் குண்டு மந்தமாக வரும். சரளை என்றால் நறநறக்கும். தார் என்றால் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு இடத்தில் சாலை சிறு பாலம் ஒன்றைக் கடக்கிறது. அதன் கல்விளிம்பில் குண்டு ஏறி இறங்கும்போது ஒரு இடறல். அந்தப் பாலத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் கற்களை எண்ணிச் சொல்வேன். மீன் புழுவை வாயில் எடுப்பதும் அந்த விரலுக்குத்தான் தெரியும். யாரோ ஒரு முறை நகத்தால் தட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். அவ்வளவுதான். அடுத்த நொடிக்குள் கம்பைச் சுண்டி இழுக்காவிட்டால் துப்பிவிடும்.

போன வருஷம் எனக்கு உடம்புக்கு வந்தது. மருந்து ஏற்றினார்கள். நோய் போயிற்று, கூடவே விரல்நுனிகளின் உணர்ச்சியும் போயிற்று. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். பொத்தான் போடக் கண்ணாடி முன் நிற்க வேண்டியிருந்தது. ஒரு நாவலில் அறுபது பக்கம் படித்துவிட்டு, இந்த ஆள் என்ன இப்படித் தாவித் தாவி எழுதுகிறான் என்று எரிச்சல்பட்ட பிறகுதான், நான் இரண்டிரண்டு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

நோய் சம்பந்திக்குத் தெரியும். விரல் மரத்ததை மட்டும் சொல்லவில்லை. பரிதாபம் என்று ஒன்று நடுவில் வந்துவிட்டால் அப்புறம் அந்தப் படகு பழைய படகாக இருக்காது என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை இரவே இடுக்கியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் முடிச்சுப் போட்டு, மூன்று கம்புகளைத் தயாராக எடுத்துப் போவேன்.

இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து சம்பந்தி ஒரே விஷயத்தைத்தான் செய்துகொண்டிருந்தார். கரையோரமாகவே படகை ஓட்டினார். நீர்ப்பரப்பில் குதித்துப் போகிற ரப்பர் தவளையை மாட்டச் சொன்னார். அது சலித்தால் தகடு சுழலும் இரை. இரண்டுக்குமே விரல் வேண்டாம். தவளையை மீன் எடுத்தால் தண்ணீர் வெடிப்பது கண்ணுக்குத் தெரியும். தகட்டை எடுத்தால் கம்பே வளையும். வெயில் குறைவாக இருந்த மாதங்களில் அது சரிதான். ஆனால் கோடை உச்சிக்கு வந்து, கரையோரத் தண்ணீர் வெந்நீராகக் கிடந்தபோதும், "இன்னைக்கு மேலதான் இருக்கும்னு தோணுது" என்றார். நானும் தவளையைக் குதிக்கவிட்டுக்கொண்டிருந்தேன். விரல் நீளத்தில் அசட்டுக் குஞ்சுகள் இரண்டு கிடைக்கும். மனிதருக்கு வயதாகிவிட்டது, மீன் எங்கே நிற்கும் என்பதே மறந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை சம்பந்தி காரை நிறுத்தப் போயிருந்தார். படகுத்துறைக் காவலாளி என்னிடம் வந்தான். அவனை எல்லோரும் ரேடியோ என்போம், அணைக்க முடியாது என்பதால். வானிலை, விலைவாசி, அவன் மச்சான் வாங்கிய மாடு எல்லாம் முடிந்த பிறகு, போகிற போக்கில் சொன்னான்.

"புதன்கிழமை டாக்டர் தனியா வந்தாருல்ல, அந்த நடு ரோட்டு மேலயே நின்னு நாலு பிடிச்சாரு சார். ஒவ்வொண்ணும் என் முழங்கை நீளம். ரப்பர் புழுவுல. அப்புறம் விட்டுட்டாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

சொன்னார் என்று சொல்லிவிட்டேன். எட்டு வருஷம். அந்தச் சாலையை நாங்கள் சேர்ந்து கண்டுபிடித்தது. அங்கே தனியாகப் போய்விட்டு, என்னைக் கரையோரத்தில் தவளை விளையாட விடுகிறார். என்னோடு வருவது அவருக்குக் கடமையாகிவிட்டது என்று தோன்றியது. இன்றோடு போதும், என் பங்கை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். அதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்பதுதான் மிச்சம்.

படகு கிளம்பியது. வழக்கம்போல் கரைப் பக்கம் திருப்பினார்.

"ரோட்டுக்குப் போலாம் சம்பந்தி" என்றேன்.

என்னைப் பார்த்தார். ரேடியோ நிற்கும் துறையைத் திரும்பிப் பார்த்தார். மோட்டாரை நடுத்தண்ணீருக்குத் திருப்பினார்.

சாலைமேல் படகு நின்றது. புழு கட்டிய கம்பை எடுத்து வீசினேன். குண்டு அடியைத் தொட்டது நூல் தளர்ந்ததில் தெரிந்தது. விரலை நூலில் வைத்தேன். கீழே ஒன்றுமே இல்லை. சேறும் இல்லை, சரளையும் இல்லை, தாரும் இல்லை. வெறும் இருபது அடித் தண்ணீர். இழுத்தேன். சுருட்டிப் பார்த்தால் புழுவுக்கு வால் இல்லை. புதுப்புழு மாட்ட ஐந்து நிமிஷம் ஆயிற்று. மறுபடி வீசினேன். இந்த முறை பாதிப் புழுதான் திரும்பி வந்தது. மூன்றாவது முறை நூல் பக்கவாட்டில் நகர்ந்ததை நானே பார்த்தேன். பார்த்துச் சுண்டுவதற்குள் தளர்ந்துவிட்டது. சம்பந்தி தன் கம்பைத் தொடவே இல்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"பேரன் பிறந்தநாளுக்கு கேக் வெட்டுனப்ப கத்தி உங்க விரல்ல பட்டுச்சு. ரத்தம் மேஜைத்துணியில சொட்டுது, நீங்க பாட்டுக்கு சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க. நான் தினம் இருபது பேருக்கு மரத்துப்போக ஊசி போடறவன் சம்பந்தி. எனக்குத் தெரியாதா?"

நான் நூலைச் சுருட்டினேன்.

"இங்க கூட்டிட்டு வந்தா நீங்க இதைத்தான் பாப்பீங்கன்னு தெரியும். அப்புறம் வரமாட்டீங்க. அதான் தவளை." கொஞ்சம் நிறுத்தினார். "புதன்கிழமை வந்தது தப்புதான். அஞ்சு மாசம் தாங்கினேன். அன்னைக்கு முடியல."

அந்தக் கடைசி வார்த்தையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதச் சனிக்கிழமைகள். மீன் இல்லை என்று தெரிந்த இடத்தில், மீன் எங்கே என்று தெரிந்த ஒருவர், கொதிக்கிற வெயிலில் எனக்காக ரப்பர் தவளையை வீசிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு வயதாகிவிட்டது என்று நான் வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று நம்பிக்கையில்லாமல், அடுத்த வீச்சை வீசிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தேன். கம்பின் அடிக்கட்டை என் மோவாயில் முட்டுக்கொடுத்து நின்றது. கை தானாக ரீலைச் சுற்றியது.

தாடையில் ஏதோ நறநறத்தது.

பல்வலி என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் ஒரு சுற்று. மறுபடி நறநறப்பு, அப்புறம் வழுக்கல். சரளை முடிந்து தார். மூச்சை அடக்கிக்கொண்டு கட்டையைத் தாடையெலும்பில் அழுத்தினேன். சாலையின் மேடு, அதன் குறுக்கே ஒரு வெடிப்பு, பிறகு பாலத்தின் முதல் கல். ஒரு வருஷமாக இருண்டு கிடந்த தெருவில் யாரோ வீடு வீடாக விளக்குப் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

"தெரியுது" என்றேன்.

சம்பந்தி முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். என் தாடையையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தார். வாரம் முழுக்க நோயாளிகளுக்கு விளக்குகிற குரலில், ஆனால் மெதுவாகச் சொன்னார்.

"பல்லுக்கு நடுவுல ஒரு முடி மாட்டினாக்கூட மனுஷனுக்குத் தெரியும். உங்களுக்கு பல்லு நல்லா இருக்கு, நான்தானே பாத்தேன். எனக்குத் தோணாமப் போச்சே."

மூன்றாவது கல்லைத் தாண்டியபோது அந்தத் தட்டல் வந்தது. நகத்தால் ஒரு முறை. கட்டையை விலக்கிச் சுண்டினேன். கம்பு தண்ணீர்வரை வளைந்தது. சம்பந்தி வலையோடு முழங்காலில் நின்றார். வலது பக்கம் ஓடுகிறது, விடுங்கள், இழுக்காதீர்கள் என்று எட்டு வருஷத்துக்குச் சேர்த்துப் பேசினார். மீன் மேலே வந்து தலையை உதறியது. பச்சை முதுகு, பெரிய வாய். வலையில் விழுந்ததும் அதன் கீழுதட்டைப் பிடித்துத் தூக்கினேன். அதன் சொரசொரப்பு விரலுக்குத் தெரியவில்லை. கனம் தெரிந்தது. கொஞ்ச நேரம் தண்ணீரில் வைத்திருந்தேன். வாலை ஒரு முறை அசைத்துவிட்டுச் சாலைக்கே இறங்கிப் போயிற்று.

அடுத்த புழுவை மாட்டித் தர அவர் கையை நீட்டினார். நான் கம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். மோட்டாரின் பிடியைப் பிடிக்க விரல்நுனி வேண்டாம், உள்ளங்கை போதும்.

"நீங்க முன்னால போங்க சம்பந்தி. நான் படகைப் பிடிச்சுக்கறேன். மதியம் வரைக்கும் நீங்கதான்."

வேண்டாம் என்றார். நான் எழவில்லை. கடைசியில் தன் கம்பை எடுத்துக்கொண்டு முன்பலகையில் போய் நின்றார். அவருடைய பெட்டியில் புழுக்கள் நிறவாரியாக அடுக்கியிருந்தன. ஊதா நிறத்தை எடுத்தார். வீசுவதற்கு முன் தோளை ஒரு முறை உருட்டிக்கொண்டார். பந்தயத்துக்கு நிற்கிற பையனைப் போல இருந்தது. ஐந்து மாதம் அவர் எதை அடக்கிக்கொண்டிருந்தார் என்பது அந்தத் தோளில் தெரிந்தது.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றேன், அவர் முதுகைப் பார்த்து. "எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவர் நூலிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"படகு இடப்பக்கமா போகுது" என்றார். "ரோட்டை விட்டுடாதீங்க."

பிடியை மெல்லத் திருப்பி, படகை மறுபடி சாலைக்கு நேராக நிறுத்தினேன்.