த்வாண்டேப் பாலைவனம்

யாங்கூனில் பாலைவனத்தைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் பர்மிய மரியாதைப்படி ‘ஊ’ போட்டு அழைக்கப்படும் ஊ தஸ்தகீரின் குடைக்கடைக்குத்தான் வர வேண்டும். வருடத்தில் பாதி நாள் மழை கொட்டும் ஊரில் அப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வராது என்பது அவருடைய தைரியம்.

இளவயதில் அரேபியப் பாலைவனத்தைத் தனியாகக் கடந்தவர் அவர். அதாவது, அவரே சொன்னபடி. வெயில் தாங்காமல் ஒட்டகம் மயங்கி விழ, அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவருடைய நிழல் சூடு பொறுக்காமல் அவர் கைலிக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வாயில் ஒரு கூழாங்கல், அவ்வளவுதான். சாட்சிக்குக் கடை அலமாரியில் ஒரு ஊறுகாய் பாட்டில் நிறையப் பாலைவன மணல்.

உண்மையில் தஸ்தகீர் கடந்த பெரும்பரப்பு யாங்கூன் ஆறு. அதையும் படகில்தான் கடந்தார். அதிலும் வாந்தி எடுத்தார். அக்கரை போய் த்வாண்டேயில் பானை வாங்கி வருவார். பானை உடையாமலிருக்கச் சாக்கில் வைக்கோலும் வயல் மணலும் திணித்துக் கொடுப்பார்கள். ராசிக்கு ஒரு சிட்டிகை கேட்டு வருகிறவர்களால் பாட்டில் குறையும்போதெல்லாம், பாலைவனம் அந்தச் சாக்கிலிருந்து நிரம்பும்.

இப்படியே அவர் காலம் கௌரவமாகப் போயிருக்கும். ஆனால் தம்பி மகள் சமீனா பொறியியல் படிக்கப் போனாள். அவளும் தோழிகளும் சேர்ந்து சூரிய ஒளியில் ஓடும் கார் ஒன்று செய்தார்கள். மாணவர்கள் இப்படிப்பட்ட கார்களைப் பாலைவனத்துக்குக் குறுக்கே நாள்கணக்கில் ஓட்டும் வெளிநாட்டுப் பந்தயத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது. ஓட்டப்போவது சமீனா.

“பெரியத்தா, டிரைவர் ஒல்லியா இருந்தா எடைக்கு மணல் மூட்டை வைக்கணுமாம். உங்க மணலையும் அதுல போடுறேன். பாலைவனத்துக்கு நம்மளை அடையாளம் தெரியட்டும்.”

பாட்டிலைக் கொடுத்தார்.

“இன்னொண்ணு. ஆலோசகர்னு ஒரு டிக்கெட் இருக்கு. பாலைவனம் பார்த்த ஆள் எங்களுக்கு வேற யாரு? நீங்கதான் வர்றீங்க.”

தஸ்தகீர் கேட்ட ஒரே கேள்வி, “படகுலயா?”

தெருவே கொண்டாடியது. தஸ்தகீர் பர்மிய வழக்கில் ‘கோ’, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் தேநீர்க்கடைக் கூட்டாளி சொக்கன் ஒரு கறுப்புக் கண்ணாடி பரிசளித்தார். மனைவி நூருன்னிசா, “ஒட்டகத்தை விசாரிச்சதாச் சொல்லுங்க,” என்றாள். புறப்படுகிற அன்று இடுப்பு பிடித்துக்கொள்வதாகத் தஸ்தகீர் முடிவு செய்து, அதற்காக இப்போதிருந்தே கொஞ்சம் சாய்ந்து நடந்துவந்தார்.

அப்போதுதான் சமீனா போன் செய்தாள். “காரோட எடையைக் குறைக்கணும் பெரியத்தா. மணல் மூட்டையில கை வைக்க முடியாது, அது விதி. அதனால என் தண்ணி பாட்டிலை எடுத்துட்டோம். நீங்க குடிக்காமத்தானே கடந்தீங்க? நானும் ஒரு கூழாங்கல் பொறுக்கி வெச்சிருக்கேன்.”

மூடிய காருக்குள், கொதிக்கும் வெயிலில், வாயில் கல்லோடு அந்தப் பெண். தஸ்தகீருக்கு இடுப்பு நேராகிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு அவர்கள் கார் செய்யும் கொட்டகை இருக்கும் ஷ்வேப்யிதாவுக்குப் பஸ் ஏறினார்.

அங்கே கொட்டகைக்கு வெளியே சூரிய ஒளிக் காரை மழையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாய்க்குப் பழக்கமில்லை.

“சமீனா, தண்ணியை உள்ளே வை. அந்தக் கதையில ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்.”

“என்ன?”

“அதுல நான் செத்துப்போனேன்.”

பேட்டரி பார்க்கும், தமிழ் தெரிந்த தோழி ஹுஸ்னா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டாள். “எப்போ, ஊலே?” என்றாள், பர்மிய வழக்கில் ‘மாமா’ என்று.

“பாதி வழியில. தாகத்துல. ஒட்டகம் ஒண்ணுதான் அழுதுச்சு.”

“அப்புறம் எப்படித் திரும்பி வந்தீங்க?”

“செத்தவனுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்குமா அம்மா?”

சமீனா சிரிக்கவில்லை. கொட்டகையின் கூரை ஒழுகும் மூலையிலிருந்து மணல் மூட்டையை இழுத்து வந்து அவர்முன் வைத்தாள். சாக்கின் இழைகளுக்கிடையே பச்சைப் பசேலென்று ஊசி ஊசியாக நெல் முளைத்திருந்தது.

“பெரியத்தா, இது எந்தப் பாலைவனம்?”

அந்த மழையிலும் தஸ்தகீர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “த்வாண்டே பக்கம்,” என்றார். “தண்ணி குடி, தங்கம். நெறைய குடி.”

சமீனா சட்டைப் பையிலிருந்த கூழாங்கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். மற்றவர்களிடம் திரும்பிப் பர்மிய மொழியில் சொன்னாள்: “பெரியத்தா செத்த இடத்துல நெல் முளைச்சிருக்கு. தண்ணி பாட்டிலைத் திரும்ப மாட்டுங்க. மூட்டைக்கு வேற மணல் பார்ப்போம்.”

“அப்போ ஆலோசகர் டிக்கெட்?” என்றாள் ஹுஸ்னா. “செத்தவருக்கு விசா தர மாட்டாங்களே!”

டிக்கெட் ஹுஸ்னாவுக்கே போனது. முளைத்த நெல் ஊறுகாய் பாட்டிலில் குடைக்கடைக்குத் திரும்பியது.

தேநீர்க்கடையில் சொக்கன் கேட்டார்: “என்ன ஊ தஸ்தகீர், கிளம்பலையா?”

“விசா கிடைக்கல.”

“ஏனாம்?”

“பழைய மரணம் ஒண்ணு குறுக்கே நிக்குது, கோ சொக்கன்.”

சொக்கன் தேநீரை முடித்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியைத் திருப்பிக் கேட்டார்.