வலது முட்டி

கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணியில் தனியாகப் போய் கோல் அடிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. உலகப் போட்டி அரையிறுதியில் பின்லாந்துடன் மூன்றுக்கு மூன்று. கூடுதல் நேரத்திலும் தீரவில்லை. அதனால் பக்கத்துக்கு ஐந்து பேர், எதிரணி கோல்கீப்பருக்கு முன் தனியாக ஆளுக்கு ஓர் அடி. எங்கள் ஐந்தாவது ஆள் நான். அடித்தேன், உள்ளே போனது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். எனக்கு எங்கே அது முடிகிறது? பின்லாந்து கோல்கீப்பர் ஒன்னியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"தம்பி, உன் வலது முட்டி ரொம்ப அவசரப்படுது. நான் அடிக்கிறதுக்கு முன்னாடியே தரையில உக்காந்துடுது. அதான் அதுக்கு மேல போட்டேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. சொன்னால் என்ன? எங்கள் ஊர் லீக்கில் அணி மொத்தமும் அடித்து முடிக்கும்வரை அடித்தவனுக்கு மறுபடி முறை வராது.

பின்லாந்தின் ஐந்தாவது ஆளும் போட்டுவிட்டான். இந்தத் தனி அடிகளில் இரண்டுக்கு இரண்டு. இனி ஆளுக்கு ஒன்றாக, முந்துகிறவர்களுக்கு இறுதிப் போட்டி. முதலில் வந்த பின்லாந்துக்காரனை எங்கள் கோல்கீப்பர் தடுத்துவிட்டான். நான் ஸ்கேட் நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தேன்.

"கோவ்ஸி, எந்திரி. நீதான்" என்றார் கோச்.

"நான்தான் அடிச்சிட்டேனே!"

"காலைல மீட்டிங்ல என்னடா பண்ணிட்டிருந்த? இங்க அடிச்சவனே திரும்ப அடிக்கலாம்."

பான்கேக் தின்றுகொண்டிருந்தேன். நான் ஒன்னியிடம் சொன்னதைக் கேட்டிருந்த எங்கள் அணி மெக்ராய் பக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டான். "வீட்டு அட்ரஸும் குடுத்துட்டு வந்தியாடா?"

அவசரமாக நாடாவை இழுத்துக் கட்டினேன். எனக்குப் பத்தொன்பது வயது; இருபதானால் இளையோர் அணியில் இடமில்லை, அடுத்த வருஷம் இந்தச் சட்டை கிடையாது. ஆனால் ரப்பர் வட்டு மட்டையில் பட்டதும் புத்தி வந்தது. நான் சொன்னதை அவன் நம்பியிருப்பான். இந்த முறை முட்டியை மடக்கவே மாட்டான்.

மடக்கவில்லை. விறைப்பாக நின்றான். கால்களுக்கு நடுவே தரையோடு தள்ளினேன். அரங்கமே எழுந்து கத்தியது.

கைகுலுக்கும் வரிசையில் ஒன்னி அழுதுகொண்டு வந்தான். என் கையை மட்டும் விடவில்லை.

"முட்டி பத்தி இதுவரைக்கும் யாருமே சொன்னதில்லண்ணா. தேங்க்ஸ்."

"உனக்கு என்ன வயசு?"

"பதினேழு. இன்னும் ரெண்டு வருஷம் வருவேன்."

எங்கள் அணியில் அடுத்த வருஷமும் ஆடப்போகிறவர்கள் ஒன்பது பேர். அவர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை.