கரண்ட் வைக்கிற நாளில் ரெண்டு மாத்திரை

பேராசிரியருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு எதிரிதான்: ஃப்ரீ ராடிக்கல். கட்டிய பெண்டாட்டியோடுகூட அவர் அவ்வளவு மல்லுக்கு நின்றதில்லை. ஒருமுறை டிவியில் கோட்டு மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் அதைக் கரித்துக் கொட்டினார். கதிர்வீச்சு உடம்புக்குள் போனால் பெரும்பாலும் அங்கிருக்கும் தண்ணீரைத்தான் உடைக்குமாம். உடைந்த துண்டில் ஒரு எலக்ட்ரான் ஜோடியில்லாமல் நிற்கும்; அந்தத் துண்டுதான் ஃப்ரீ ராடிக்கல். அந்த வெறியில் அது பக்கத்திலிருக்கும் டிஎன்ஏ இழையிலுள்ள சர்க்கரையிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், இழை அறுந்துவிடும். இந்தப் போக்கிரியை மடக்க ஆன்டிஆக்சிடென்ட் மாத்திரை இருக்கிறது என்று சொல்லி முடித்தார்.

ஊரே அன்றைக்கு வேறு சேனல் பார்த்தது. அவருடைய அக்கா மட்டும் இவரைப் பார்த்தாள்.

அந்த அக்காவுக்குத்தான் இப்போது கழுத்தில் புற்றுநோய்க் கட்டி. கதிர்வீச்சு சிகிச்சை, அக்கா பாஷையில் 'கரண்ட் வைக்கிறது', பாதி முடிந்தும் கட்டி எதிர்பார்த்த அளவு சுருங்கவில்லை. பேராசிரியர் துணைக்கு உட்கார்ந்திருக்க, டாக்டரம்மா அக்காவிடம் யோசனையோடு கேட்டார்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

அக்கா பெருமையாகக் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். "தம்பி டிவில சொன்னது. கரண்ட் வைக்கிற நாள்ல மட்டும் ரெண்டா போட்டுக்கறேன்."

டாக்டரம்மா பேராசிரியரை ஒரு பார்வை பார்த்தார். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா உடனே நிறுத்திடுங்க" என்றார்.

அக்காவாவது, நிறுத்துவதாவது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் பிடிவாதம் பிடித்தாள். பேராசிரியர் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"அக்கா, இங்க அந்த ராடிக்கல் நம்ம ஆளு. கட்டியோட டிஎன்ஏவை அதுதான் அறுக்குது. மாத்திரை அதை மடக்கிட்டா கட்டி பிழைச்சுக்கும்."

"டிவில கெட்டதுன்னு சொன்னியே, அது வேற ராடிக்கலா?"

"அதேதான்."

"அப்ப டிவில சொன்னது பொய்யா?"

"உண்மைதான்க்கா."

"உண்மைன்னா எதுக்குடா நிறுத்தணும்?"

அவர் நல்ல செல், கெட்ட செல், ஆக்சிஜன் என்று எங்கெங்கோ சுற்றினார். அக்கா இரக்கத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "டிவில எவ்வளவு தெளிவா பேசின. கோட்டு போட்டாத்தான் உனக்குப் பேச்சு வரும்போல" என்றபடி டப்பாவைத் திறந்து இரண்டு மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினாள்.

பேராசிரியர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ செத்துப்போயிடுவியோன்னு எனக்குப் பயமா இருக்குக்கா."

அவள் அவரையே பார்த்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய தம்பியின் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மாத்திரைகளைத் திரும்ப டப்பாவில் போட்டு, மூடியைத் திருகி, அவர் மடியில் வைத்தாள்.

"பைத்தியக்காரா, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"