கை இருந்த இடத்தில் ஆராய்ச்சி நிலையம்

பணம் தரும் இயந்திரம் என் வலது கையை முழங்கைவரை கவ்விக்கொண்ட அன்றுதான், வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்குவது என்று முடிவாயிற்று. நான் அந்தக் கிளையில் எழுத்தர். பெயர் தொம்மை.

காவலாளி மாடசாமி முதலில் இயந்திரத்தைச் சுட்டார். அது குண்டை விழுங்கி, அவர் மார்பிலேயே திருப்பித் துப்பியது. அவர் விழுந்தார்.

“மிஷின் வேலை செய்யுது” என்றார் ஒரு வாடிக்கையாளர்.

மேலாளர் ரெங்கமன்னார் கடப்பாரையால் இயந்திரத்தை ஓங்கி அடித்தார். என் விலா எலும்பு முறிந்தது.

“வலிக்கா வே?”

“வலிக்கி சார்.”

“மிஷினை அடிச்சா உமக்கு வலிக்கி. இதத்தான் ஆராயணும்.”

தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். மதியமே கொத்தனார்கள் வந்தார்கள். மாடசாமியின் மேல் அடிக்கல்லை வைத்தார்கள். அவர் இன்னும் முனகிக்கொண்டிருந்தார். என்னைச் சுற்றிச் சுவர் எழும்பியது.

மற்ற வங்கிகளிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். சிலர் இயந்திரத்தைச் சுத்தியலால் அடித்தார்கள். சிலர் ரம்பத்தால் அறுத்தார்கள். எனக்கு எங்கே ரத்தம் வருகிறது என்று பார்த்தார்கள். அதில் சண்டை வந்தது. சுத்தியல்காரர் ஒருவர் ரம்பக்காரர் ஒருவரின் மண்டையைப் பிளந்தார். அதன் பிறகு இரண்டு தரப்பும் தனித்தனித் துறைகளாயின. நடுவில் ஒரு நடைபாதை போட்டார்கள்.

அந்த நடைபாதையில் என் மனைவி ஜெனோவா வந்துகொண்டிருந்தாள். அவள் நடக்க நடக்க அது நீண்டது. என்னிடம் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. மீன் கடையிலிருந்து நேரே கிளம்பியவள். கையில் வெட்டுக்கத்தி இருந்தது.

“உள்ள என்ன இருக்கு?”

“யாரோ என் கையப் பிடிச்சிருக்காவ.”

“பொம்பளையா?”

“தெரியல. சூடா இருக்கு.”

அவள் கத்தியை முந்தானையில் துடைத்தாள்.

“வெட்டட்டா?”

“வெட்டாதீங்கம்மா” என்றார் ரெங்கமன்னார். “கை போச்சுன்னா நிலையமே போச்சு.”

அவர் கடப்பாரையைத் தூக்கினார். அவள் அவர் தோளில் ஒரு வெட்டு வெட்டினாள். அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

சீலா மீனை வெட்டுவதுபோலத்தான் வெட்டினாள். ஆனால் அழுதாள். மீன் வெட்டும்போது அவள் அழுது நான் பார்த்ததில்லை.

இயந்திரம் என் கையை உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளே யாரோ கைகுலுக்கும் சத்தம் கேட்டது. நிபுணர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“உம்ம கை இயக்குநராப் பொறுப்பேத்துக்கிட்டாரு” என்றார் ரெங்கமன்னார், தோளைப் பொத்தியபடி.

“அப்ப நான் சார்?”

“உமக்கும் நிலையத்துக்கும் என்னவே சம்பந்தம்? வெளிய போம்.”

ஜெனோவா முந்தானையைக் கிழித்துக் கட்டுப்போட்டு, என்னைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அங்கே பல வங்கிகளின் ஊழியர்கள் தெருமுனைவரை நின்றிருந்தார்கள். எல்லோரும் சட்டையின் வலது கையை மடித்துவிட்டிருந்தார்கள்.

“ஓடிப் போங்கலே!” என்று கத்தினாள். ரத்தம் சொட்டும் கத்தியைத் தூக்கிக் காட்டினாள்.

முன்னால் நின்றவன் அவளைக் கோபமாகப் பார்த்தான்.

“அக்கா, வரிசையில வாங்க.”