நெல்லி வாக்கர் என்று ஒருத்தி இல்லை

“படத்துல என் பேரு வரணும்.”

கேட்டேவிட்டேன். ரோமில் குரல் கொடுத்துப் பிழைக்கிறவர்கள் இதை மட்டும் கேட்கக் கூடாது. சேர்ந்த முதல் நாளே யோலே என்னை எச்சரித்திருந்தாள். இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவள். “லீவு கேளு, இருமல் மாத்திரை கேளு, குடையக்கூடக் கேளு. பேரக் கேக்காதடி. சிரிப்பானுங்க.”

பஸ்ஸனெல்லி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைத்தார். அவர்தான் எங்கள் டப்பிங் இயக்குநர். எல்லோரும் அவரை ‘தொத்தோரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் என்று அர்த்தம். அவர் பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லை. அந்த டப்பிங் கட்டடத்தில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். என்னை ‘ஏ பொண்ணு’ என்பார்கள்.

“யாரு பேரு?”

“என் பேரு. நீவெஸ் குவத்ரூச்சி. வசனம் நான் எழுதினது. பேசினதும் நான்.”

“எழுதினியா? அவ வாயசைச்சா, நீ வார்த்தைய ரொப்புன. அதுக்குப் பேரு எழுத்தா?”

அவள் என்பது படத்தின் கதாநாயகி. வியன்னாவிலிருந்து கூட்டி வந்த நடனக்காரி. இத்தாலி மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஸ்பெயின் பொட்டலில் படமெடுத்தபோது அவளுடைய காட்சிகளுக்கு வசனமே எழுதியிருக்கவில்லை. எங்கள் ஊர்க் கௌபாய் படங்களில் இது சகஜம். கேமரா ஓடும்போது எண்ணிக்கொண்டிரு என்று சொல்லிவிடுவார்கள். கணவனைப் புதைத்த விதவை ஊரையே சபிப்பதாக நீங்கள் பார்க்கிற இடத்தில் அவள் ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை எண்ணுகிறாள். அந்த எண்களுக்குள் நான் ஒரு விதவையை வைத்தேன். அவள் எண்ணுகிற ஜெர்மனில் ஏழு என்றால் நடுவில் உதடு ஒட்டும். அங்கே எனக்கு ஒரு ‘ப’வோ ‘ம’வோ விழ வேண்டும். எட்டுக்கு வாய் அகலும். அங்கே ஒரு ‘ஆ’. படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, நுனியையும் அடியையும் ஒட்டி வளையமாக்கித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரே முகத்தை நாற்பது தடவை பார்த்து நாலு வரி எழுதுவேன். பிறகு இருட்டில் நின்று நானே பேசுவேன்.

“யோசிக்கிறேன், போ” என்றார் பஸ்ஸனெல்லி.

இந்த ஆசை எனக்குத் திடீரென்று வந்ததல்ல. போன மாதம் எங்கள் தெஸ்தாச்சோ பேட்டைக் கொட்டகையில் என் முந்தைய படம் ஓடியது. அப்பா இறைச்சிக்கூடத்தில் மாடு உரிக்கிறவர். கூட வேலை செய்கிற பத்துப் பேரை அழைத்துப் போயிருந்தார். நானும் போனேன். கதாநாயகி வாயைத் திறந்ததும் எழுந்து நின்று, “என் மக பேசுறா!” என்று கத்தினார்.

கூட வந்தவர்களில் ஒருவன், ரிகெத்தோ, பின்வரிசையிலிருந்து கேட்டான். “உன் மக பேசினா இவ ஏன்யா மஞ்சத் தலையா இருக்கா? உன் வீட்டுல மஞ்சத் தலை எப்படிப் பொறந்துச்சு?”

“குரலுடா முண்டம்! குரலு!”

“அப்ப அவ பேரு எங்க? குதிரைக்குப் புல்லு போட்டவன் பேருகூட வந்துச்சே. பொண்ண படிக்க வச்சேன், படிக்க வச்சேன்னு எத்தனை வருஷமா எங்க உயிர வாங்குற. அங்க நெசமாவே வேலை பாக்குறாளா, இல்ல தரை தொடைக்கிறாளா?”

கொட்டகையே சிரித்தது. அப்பா உட்கார்ந்தார். வீட்டுக்கு வரும் வழியில், “அடுத்த படத்துல வரும்ல?” என்று கேட்டார். வரும் என்றேன்.

பேர் கேட்ட மூன்றாம் நாள். கடைசிக் காட்சியில் மூன்று வளையங்கள்தான் பாக்கி. பஸ்ஸனெல்லி என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மேஜையில் ஒரு கறுப்பு அட்டை. படத் தொடக்கத்தில் வரும் பெயர்களை எழுதுகிற ஓவியரிடமிருந்து ஈரம் காயாமல் வந்திருந்தது.

வசனம்: நெல்லி வாக்கர்.

“தயாரிப்பாளர் கால்ல விழாத குறையா வாங்கினேன்” என்றார். “எந்தக் குரலுக்கும் இது கெடச்சதில்ல.”

“இது யாரு?”

“நீதான்.”

“நெல்லி வாக்கர்னு ஒருத்தி இல்ல, தொத்தோரே.”

“டைரக்டர் பேரும்தான் பொய். இங்க பக்கத்துல வித்தேர்போ ஊர்க்காரன், டெக்சாஸ்காரன் பேர்ல நிக்கிறான். வில்லன் நாப்போலில மீன் வித்தவன். அவனெல்லாம் மூஞ்சத் தூக்கினானா? அமெரிக்கப் பேரு இருந்தாத்தான் ஜனம் டிக்கெட் எடுக்கும்.”

அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்ததாகவே நம்பினார். அதுதான் தாங்கவில்லை.

“அவங்களுக்குத் திரையில மொகம் இருக்கு. பேர மாத்தினாலும் அவங்க அம்மாவுக்கு அடையாளம் தெரியும். எனக்கு என்ன இருக்கு? எங்கப்பா இந்த அட்டையப் பாத்து என்னன்னு சொல்வாரு?”

“உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா என்ன?”

“குவத்ரூச்சின்னு படிக்கத் தெரியும்.”

அவர் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இங்க பாரு பொண்ணு. மாடு உரிக்கிறவன் பேர அரிசோனா வானத்துமேல எழுதினா, மொத வரிசை எந்திரிச்சுப் போயிடும். போய் வேலையப் பாரு.”

“மீதி மூணு வளையத்த நான் பேச மாட்டேன்.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கதவைத் திறந்து நடைபாதையைப் பார்த்து, “யோலே! காபியக் குடிச்சுட்டு உள்ள வா” என்றார். அவ்வளவுதான்.

யோலே வந்தாள். நான் எழுதிய தாள் ஏற்கெனவே மேஜை விளக்கின் கீழ் இருந்தது. நான் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை. முதல் வளையம் ஓடியது. திரையில் வியன்னாக்காரி வாயைத் திறந்தாள், ஒலிபெருக்கியில் நான் பேசினேன். என் குரல். ‘ர’வை நான் தொண்டையில் உரசுகிற விதம், வரி முடிவில் மூச்சு அறுபடுகிற இடம், எல்லாம் அச்சு அசலாக யோலேயின் வாயிலிருந்து வந்தது. இரண்டு வருடமாக என் பக்கத்தில் நின்று அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் ஏழெட்டு முறை பேசிப் பார்க்கிற இடத்தை அவள் இரண்டாவது முறையிலேயே முடித்தாள்.

வளையம் மாற்றும் இடைவெளியில் வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள். “கோச்சுக்காத. நான் பேசலன்னா இன்னொருத்தி பேசுவா. எனக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கு.”

“நல்லாப் பேசின” என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் பேசினாள்.

“சொன்னேன்ல, கேக்காதன்னு.”

“சிரிப்பாங்கன்னு சொன்ன. நீ பேசுவேன்னு சொல்லலையே.”

அவள் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பஸ்ஸனெல்லி என் பக்கத்தில் வந்து நின்றார். “திங்கக்கெழம புதுப் படம். ஒம்பது மணிக்கு வந்துடு. நான் எதையும் மனசுல வச்சுக்கிறவன் இல்ல. அட்டையும் பத்திரமா இருக்கும், இஷ்டப்பட்டா சொல்லு.”

உங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்டபோதே என் பதில் முடிவாகிவிட்டது. அதை அவரிடம் விளக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

வீட்டில் அப்பா கேட்பார். இல்லை, வராது, இனி எந்தப் படத்திலும் வராது என்று சொல்ல வேண்டும். ரிகெத்தோ வருடம் முழுக்கச் சிரிப்பான். சிரிக்கட்டும்.

கோட்டை மாட்டிக்கொண்டேன். மூன்றாவது வளையம் ஓடத் தொடங்கி, ஒலிபெருக்கியில் என் குரல் யாரையோ சபித்துக்கொண்டிருக்கும்போதே, பஞ்சு வைத்துத் தைத்த அந்தக் கனத்த கதவைத் தோளால் தள்ளி வெளியே போனேன்.