மூலையில் கசிந்த வெளிச்சம்

ஜேபஸைப் புதைத்த மூன்றாம் நாளே கெசியா பட்டறைக்கு வந்துவிட்டாள். கிளர்க்கன்வெல்லில் இருந்த அந்தக் கேமராப் பட்டறையில் அவள் புருஷன் ஜேபஸ் மகோகனிப் பெட்டி செய்தான். அதன் முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே விரிந்து சுருங்கும் தோல் துருத்தியை அவள் மடித்தாள். பதினோரு வருஷம் அவன் மாடியில், அவள் கீழே. இப்போது மாடியில் அவன் இல்லை என்பது தெரியும். தெரிந்ததோடு சரி, உள்ளே எதுவும் அசையவில்லை.

"ஒரு வாரம் வீட்டுல கிடந்தா என்னடி?" என்றாள், பக்கத்தில் மரத்துக்கு மெருகு போடும் லாட்டி.

"கிடந்து என்ன பண்ண? சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

"ஒரு சொட்டாவது அழுதியா நீ?"

"வரலை."

லாட்டி மறுபடி மெருகுத் துணியை எடுத்தாள். கெசியா எலும்புத் தகட்டால் தோலை அழுத்தி மடித்துக்கொண்டே போனாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

பத்து மணிக்கு மேஸ்திரி ஸ்டிம்சன் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்கிப்போன பாதிரியார் திருப்பி அனுப்பியிருந்தார். எடுக்கிற படத்திலெல்லாம் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழுகிறதாம்.

"எங்கேயோ வெளிச்சம் கசியுது. பாத்துச் சொல்லும்மா."

முற்றத்து வெயிலில் வைத்து, கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்த்தாள். துருத்தி முழுக்கக் கரி இருட்டு. பெட்டியின் கீழ் மூலையில், பலகையும் பலகையும் பல் கோத்த இடத்தில், மயிரிழை போல வெளிச்சம். அருகே பென்சிலில் ஜேபஸின் கையெழுத்தும் மார்ச் மாதத் தேதியும். இருமி இருமி, உளி பிடிக்கும் கை நடுங்கிய வாரம் அது. வேலைக்குப் போகாதே என்று அவள் தடுத்தும் போனான்.

துணியை விலக்கினாள். "தப்பு என்னுதுங்க ஐயா. துருத்தியில ஊசி ஓட்டை. வேற மடிச்சுத் தரேன்."

ஸ்டிம்சன் அவளையே பார்த்தார். "மூலையை நான் ஏற்கெனவே பாத்துட்டேம்மா. உனக்குத் தெரியாம சரிபண்ண மனசு வரலை."

பொய் பிடிபட்டதில் முகம் சுடும் என்று நினைத்தாள். சுடவில்லை.

"உன் பேருல்ல கெட்டுப்போகும்?"

"கெட்டா கெடட்டுங்க. நான் இருக்கேன், வேற மடிச்சுக் காட்டிக்கலாம். அவரு எதைக் காட்டுவாரு?"

அவர் கேமராவை அவள் பக்கம் நகர்த்தினார். "சரி. துருத்தியை நீ மாத்து. மூலையை நானே பாத்துக்கறேன். சீட்டுல கோளாறு துருத்தியிலன்னே எழுதிடறேன்."

வெள்ளிக்கிழமை கேமரா பாதிரியாருக்குப் போயிற்று. திங்கட்கிழமை ஜேபஸின் இடத்தில் புது ஆள் வந்தான். அவன் இழைக்கிற சத்தம் மாடிப்படி வழியாக இறங்கி வந்தது. லாட்டி மெருகுத் துணியை வைத்துவிட்டு கெசியாவின் முகத்தைப் பார்த்தாள். கெசியா அடுத்த தோலை எடுத்துப் பசை தடவினாள். மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றாள். அதில் உப்பு இருந்ததா என்று யாராவது கேட்டிருந்தால், அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.