குழியோரத்தில் ஒரு கருத்துக் கேட்பு

நெடுஞ்சாலைக் குழியில் இறங்கி என் லாரியின் டயர் வெடித்தது. மாற்றி ஒரு மாதம்கூட ஆகாத டயர். ஜாக்கி போட்டு நிமிர்வதற்குள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் வந்து நின்றாள்.

“அண்ணே, நெடுஞ்சாலை ஆபீஸ்லேர்ந்து வர்றேன். ரோடு உங்களுக்குத் திருப்தியா இருக்கா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இந்தக் குழியப் பாத்துட்டுமா கேக்குற?”

“மூணு நாளா பாத்துட்டுதான் நிக்கிறேன்ணே.”

“அப்போ மூடச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன்ணே. ஆபீசர் விடமாட்டேங்குறாரு.”

“ஏன், அவருக்கு என்ன கேடு?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “வேற எங்கயும் வண்டிங்க நிக்கவே மாட்டேங்குது. இதையும் மூடிட்டா, திருப்தியான்னு யாருகிட்ட போய்க் கேக்குறதுங்குறாரு.”